துவக்குக்கு ஒரு நற்சாட்சி

“ஐயா, உங்களை உங்கடை ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் தெரியாதாம்.”

எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் அண்மையில் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. மரண அறிவித்தல் சொல்வது போல, கோப்பை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். அவர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர். நீண்டகாலம் இங்கேயே வேலை செய்ததில் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுகிறார். எங்களைப் பற்றியும் ஓரளவு தெரிந்துவைத்திருக்கிறார் – அது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அந்தச் சின்ன ஒழுங்கைத் தெருவில்தான் நான் பிறந்தேன். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தைக் கழித்தால், ஐம்பதைத் தாண்டிய இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். என் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒழுங்கை நாய்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. நாய்களுக்குத் தெரிந்த ஆளை மனிதர்களுக்குத் தெரியாதா?

தெரியாதாம். வீடு வீடாக விசாரித்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நான் செய்த குற்றம் ஒன்றுதான். துவக்கு லைசன்சுக்கு விண்ணப்பித்தேன்.

துவக்கா? சுடுகிற துவக்கா? நீங்களா? – இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். என் மனைவி வசந்தி சிரித்த சிரிப்பைக் கேட்டவனுக்கு உங்கள் சிரிப்பு ஒன்றுமே இல்லை.

விஷயம் இதுதான். வசந்திக்குச் சீதனமாக வந்த காணி ஒன்று வரணிப் பக்கம் இருக்கிறது. பல வருடம் பற்றை மூடிக் கிடந்ததை நான் துப்புரவாக்கிக் கச்சான் கடலை போட்டேன். நில அளவைக் கந்தோரில் மற்றவர்களின் காணிகளைக் கடதாசியில் வரைந்தே காலத்தைக் கழிக்கிறவன் நான். என் கையால் கொத்தி, விதைத்து, முளை வந்ததைக் குந்தியிருந்து பார்த்த ஒரே நிலம் அதுதான். அந்த ஆசையை விளக்கச் சொல்லாதீர்கள். விளக்க முடிந்தால் அது ஆசை இல்லை.

முளை வந்ததும் குரங்குகளும் வந்தன.

வந்து தின்றால் பரவாயில்லை. அவை பரிசோதனைக்கு வந்த அதிகாரிகள் போல வரிசை வரிசையாக நடக்கின்றன. ஒரு செடியைப் பிடுங்கி, வேரைப் பார்த்து, திருப்தி இல்லாமல் எறிந்துவிட்டு, அடுத்த செடியைப் பிடுங்குகின்றன. சீனவெடி கொளுத்தினேன். முதல் நாள் ஓடின. அடுத்த நாள் மரத்தில் ஏறி நின்று பார்த்தன. அதற்கடுத்த நாள் வெடித்து முடியட்டும் என்று வரம்பில் காத்திருந்தன. என் பழைய காற்சட்டையும் தொப்பியும் போட்டு ஒரு பொம்மை கட்டினேன். தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. காற்சட்டை அவற்றுக்குப் பிடிக்கவில்லை.

வசந்தியின் தமையன் லண்டனில் இருக்கிறார். காணியை வாங்க ஆள் இருக்கிறது, வித்துவிடுங்கள் என்று கிழமைக்கொரு தடவை போன் எடுப்பார். வசந்தி ஒரு முடிவு சொன்னாள்.

“இந்த முறை கச்சான் வீட்டுக்கு வந்தால் காணி இருக்கட்டும். வராட்டில் அண்ணை சொல்லுற மாதிரி வித்துப்போட்டு நிம்மதியா இருப்பம். குரங்குக்குத் தோட்டம் செய்ய எனக்கு ஏலாது.”

அவள் சொன்னால் சொன்னதுதான். சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிறவள் வேறு. அங்கே அவருக்கு மாலை, இங்கே அவருடைய சனத்துக்கு வெடி என்று ஒரு வீட்டில் எத்தனை நாளைக்கு இரண்டு கொள்கை வைத்திருக்க முடியும்?

விவசாயிகளுக்கான கமநல நிலையத்தில் ஓர் அலுவலர்தான் வழி சொன்னார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துவக்குக்கு விண்ணப்பிக்கலாம். சுட்டுக் கொல்ல வேண்டியதில்லை. உண்மையான வெடிச் சத்தம் குரங்குக்குத் தெரியும். மேலே பார்த்து ஒன்று விட்டால் போதும்.

விண்ணப்பித்தேன். கிராம அலுவலரை நாங்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறோம் – அவருடைய உறுதிப்படுத்தல். கமநல நிலையத்தின் சிபாரிசு. மூளை சரியாக இருக்கிறதென்று டொக்டரின் அத்தாட்சி. குரங்கை வெல்லத் துவக்குக் கேட்கிற மனிதனின் மூளையைச் சோதிப்பது நியாயம்தான். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று டொக்டர் கேட்டார். நான் யோசிக்க முன்னர், பக்கத்தில் இருந்த வசந்தி பதில் சொல்லிவிட்டாள். கோபம் வந்தால் டயறியில் எழுதுவாராம். டொக்டர் உடனே கையெழுத்து வைத்தார்.

பிறகு பாதுகாப்புப் பயிற்சி. என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

பயிற்சிக்கு முன்னர் ஒரு கையேடு தந்திருந்தார்கள். நான் அதை ஒழுங்காகப் படித்தேன். படித்தால் போதுமா? பழக வேண்டாமா? வீட்டில் நீட்டுக் குடை ஒன்று இருக்கிறது. கையேட்டை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு குடையில் பழகினேன். குழல் வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம். விரல் விசைக்கு வெளியே. வெறுமையானது என்று யார் சொன்னாலும் நம்பாமல் திறந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். மழை பெய்த நாளில்கூட அந்தக் குடையை நான் வெளியே கொண்டுபோகவில்லை என்பது வசந்தியின் குற்றச்சாட்டு.

பயிற்சி நாளன்று மண்டபத்தில் தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எல்லோரும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரிகிறதா? முப்பது வருடம் சண்டை நடந்த இந்த மண்ணில், அந்த வயதுக்காரர்கள்.

பயிற்சி அதிகாரி முதலில் ஒரு கேள்வி கேட்டார். இதற்கு முன்னர் துவக்கைத் தொட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோரும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்கள். அவ்வளவு அப்பாவிகள் ஒரே கூரையின் கீழ் கூடியதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. எங்கள் ஊரில் துவக்கு என்று ஒன்று இருந்ததே அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியவந்தது போல இருந்தது.

அதிகாரி இரட்டைக் குழல் துவக்கு ஒன்றைக் கையில் தந்து ஒவ்வொருவராகச் செய்துகாட்டச் சொன்னார். ஒருவர் அதை உலக்கை பிடிப்பது போலப் பிடித்தார். இன்னொருவர், குண்டு எந்தப் பக்கத்தால் வரும் என்று பயபக்தியோடு கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தவராசா, கொடிகாமத்துக்காரர். அவர் கையில் துவக்கு வந்ததும் பெருவிரல் தானாகவே போய் அதைத் திறக்கிற நெம்பில் உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்திலேயே நெருப்புச் சுட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார். எடுத்துவிட்டு, இதை எப்படித் திறக்கிறது சேர், என்று கேட்டார். அதிகாரி கொஞ்ச நேரம் அவருடைய பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். திறக்கிற விதத்தை மிகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தவராசாவும் மிகப் பொறுமையாகக் கற்றுக்கொண்டார்.

அடுத்தது நான்.

வாய் நிலத்தைப் பார்க்க வாங்கினேன். விரல் வெளியே. திறந்தேன். பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். மூடினேன். தோளில் வைத்தேன். இறக்கித் திரும்பத் திறந்து, திறந்தபடியே அதிகாரியிடம் கொடுத்தேன். குடையில் பழகியதை ஒன்றுவிடாமல் செய்தேன்.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன்... நான் எப்போதுமே பிந்தித்தான் புரிந்துகொள்கிற ஆள்.

“ஐயா முந்தி எங்கை பழகினது?” என்று அதிகாரி கேட்டார்.

“வீட்டிலை. குடையிலை.”

அவர் சிரிக்கவில்லை. என் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். தவராசா என் பக்கம் சரிந்து காதுக்குள் சொன்னார்.

“அண்ணை, உப்பிடி வடிவாச் செய்திருக்கக் கூடாது.”

அன்று உலக்கை பிடித்தவருக்கும், குண்டு வரும் பக்கம் தெரியாதவருக்கும், தவராசாவுக்கும் பொலிஸ் அறிக்கை கெதியாகவே போய்விட்டது. திறமைச் சித்தி பெற்றவனுக்கு மட்டும் மேலதிக விசாரணை. பரீட்சையில் முதலாம் ஆளாக வந்தால் முன்னேறலாம் என்று நம்பித்தானே எங்கள் பிள்ளைகளை விடிய முன்னரே டியூஷனுக்கு அனுப்புகிறோம்? எல்லாப் பரீட்சைக்கும் அது பொருந்தாது என்று யாராவது முதலே சொல்லியிருக்கலாம்.

அப்படித்தான் இரண்டு பேர் எங்கள் ஒழுங்கைக்கு விசாரிக்க வந்தார்கள். அப்படித்தான் ஒழுங்கைக்கு என்னைத் தெரியாமல் போனது.

அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் வாசற்படலையில் வந்து நின்று ‘இவரைத் தெரியுமா’ என்று கேட்டவர்கள் பல நிறச் சீருடைகளில் வந்தார்கள். சீருடை இல்லாமலும் வந்தார்கள். தெரியும் என்று சொன்னவரிடம், எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் சொன்னவர் வாகனத்தில் ஏற வேண்டி வந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். அந்தப் பாடத்தை ஒழுங்கை மனப்பாடம் செய்துவிட்டது. கேட்டவர்கள் போய்விட்டார்கள், காலம் மாறிவிட்டது, ஒழுங்கைக்குக் கொங்கிறீட்டும் போட்டாயிற்று. ஆனால் படலையில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டால், வாய் தானாகவே சொல்கிறது – தெரியாது.

சார்ஜன்ட்டுக்கு அது பிரச்சினை இல்லையாம்.

“எல்லாரும் தெரியாது எண்டால் அது வழமை, ஐயா. அப்பிடியே எழுதி அனுப்பிவிடுவம். உங்கடை கேஸிலை ஒராள் மட்டும் நல்லவர் எண்டு சொல்லிப்போட்டார். அதுதான் யோசனையாக் கிடக்கு.”

யார் அந்தப் புண்ணியவான்? எதிர்வீட்டுச் சிவபாலன் அண்ணையின் தம்பி. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்து நின்றவர். ஊர்ப் பழக்கம் விட்டுப்போன ஆள். கேட்டவுடனே, அருமையான மனுசன், தங்கமான மனுசன் என்று தொடங்கியிருக்கிறார். கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டதற்கு, பள்ளிக்கூடத்தில் என்றாராம். அதற்குப் பிறகு நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியாதாம்.

ஆகவே ஒழுங்கையில் குடியிருக்கிற யாராவது ஒருவர் நேரில் வந்து, என்னைத் தெரியும் என்று சொல்லி ஒப்பமிட வேண்டும். அது இல்லாமல் கோப்பு லைசன்ஸ் கொடுக்கிற மாவட்டக் கச்சேரிக்குப் போகாது. கச்சானோ மணி பிடிக்கத் தொடங்கிவிட்டது. மணி முற்ற முற்றக் குரங்குகளின் ஆர்வமும் முற்றும். லண்டன் போன் வேறு அடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் சிவபாலன் அண்ணையிடம் போனேன். தேத்தண்ணி தந்தார். தான் என்னைக் காப்பாற்றிய கதையைப் பெருமையோடு சொன்னார்.

“தம்பி, நான் உம்மைத் தெரியாதெண்டு மட்டும் சொல்லேல்லை. உம்மடை மனுசி அந்த நேரம் படலையிலை நிண்டவ. அவவையும் ஆரெண்டு தெரியாதெண்டுட்டன்.”

நன்றி சொல்லிவிட்டு, பொலிசுக்கு வர வேண்டும் என்று சொன்னேன். அண்ணைக்கு அந்த நிமிடத்திலேயே பிரஷர் ஏறிவிட்டது. படுக்கப் போய்விட்டார். முனை வீட்டுக் கடைக்கார ராணியக்கா, கையெழுத்தை மட்டும் கேட்காதே, வேண்டுமென்றால் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு போ என்றார். உண்மையாகவே சொன்னார். ஒழுங்கை முழுவதும் என்மேல் இவ்வளவு அன்பு வைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அந்த அன்புக்கு ஒரு கையெழுத்தின் பெறுமதிகூட இல்லை என்பதும் தெரியாது.

மிஞ்சியது ஒரே ஒரு வீடு. அருளம்பலத்தாரின் வீடு.

எங்கள் வளவுக்குப் பின்பக்கத்து வளவு அவருடையது. எல்லை வேலியால் எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்த வேலி இரண்டு தடவை விழுந்தது. கத்தியால் வெட்டியது என்று நான் சொன்னேன். கறையான் அரித்தது என்று அவர் சொன்னார். வெட்டுவாயைப் படமெடுத்துக் காட்டினேன். கறையான் அப்படியும் அரிக்கும் என்றார். மத்தியஸ்த சபைக்குப் போய் அங்கேயும் கறையானையே சாதித்தார். என்னைப் பற்றிப் பொலிசில் அவர் போட்ட முறைப்பாடுகளை அடுக்கினால் ஒரு கோப்பு நிறையும். இவரிடம் போய் நற்சாட்சி கேட்பதா?

நான் கேட்கவில்லை. வசந்தி கேட்டாள். ஆண்கள் பேசாவிட்டாலும் வேலியில் பொட்டு என்று ஓர் ஓட்டை இருக்கிறது. அதற்குள்ளால் இரண்டு வீட்டுப் பெண்களும் கறி மாற்றுவார்கள், கதை மாற்றுவார்கள். இந்தக் கதையும் அப்படியே போயிருக்கிறது.

அடுத்த நாள் காலை அருளம்பலத்தார் அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு எங்கள் படலையில் நின்றார். நான் முற்றத்தில் நிற்க, என்னைப் பார்க்காமல் வசந்தியைப் பார்த்துச் சொன்னார்.

“பிள்ளை, உம்மடை மனுசனைக் கேளும், எத்தினை மணிக்கு வெளிக்கிடுறார் எண்டு. நான் உவருக்காக வரேல்லை. கச்சான் போச்சுதெண்டால் காணியை விப்பார். விக்கிற காசிலை பெரிய லோயரைப் பிடிச்சுக்கொண்டு என்ரை வேலிக்குத்தான் வருவார்.”

இந்தக் கோணத்தில் நான் யோசித்தே இருக்கவில்லை.

இரண்டு மோட்டார் சைக்கிள்களில் போனோம். ஒழுங்கையில் பொலிஸ் நிலையத்துக்குப் பயமில்லாமல் போகக்கூடிய ஒரே ஆள் அவர்தான். என்மேல் முறைப்பாடு போட்டுப் போட்டே அவருக்குப் பயம் தெளிந்துவிட்டது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் அவருக்குத் தலையாட்டினார். எனக்கு ஆட்டவில்லை.

சார்ஜன்ட் இவரைத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியுமோ? இவற்றை அப்பரையும் தெரியும். வேலிக் கதியாலை என்ரை பக்கம் தள்ளி நட்டவர் அப்பர். அது சரியெண்டு படம் கீறிக் காட்டினவர் இவர்.”

“ஆள் எப்பிடி?”

“கூடாத ஆள்.”

வரணிக் காணி என் கண் முன்னால் ஒரு தடவை வந்து போனது. லண்டன் போனும் அடித்தது போல இருந்தது.

எந்த இயக்கத்திலாவது இருந்தவரா என்று சார்ஜன்ட் கேட்டார். அருளம்பலத்தார் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தைக்கு வந்த மாட்டைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழே.

“உவரோ? ஒரு சொல்லுக்கு ஒன்பது கேள்வி கேக்கிற மனுசன். சேர்ந்திருந்தால் அவங்களே கொண்டுவந்து வீட்டிலை விட்டிருப்பாங்கள்.”

“கோவம் வந்தால்?”

“சேர், நான் உவற்றை வேலியை ரெண்டு தரம் வெட்டினனான். மனுசன் ஒரு பொல்லாவது தூக்கினாரோ? அளவு நாடாவைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். துவக்குக் குடுத்தாலும் உவர் முதல்லை தூரத்தை அளப்பார். அளந்து முடியிறதுக்குள்ளை குரங்கு வீட்டை போயிடும்.”

இவ்வளவு வருடப் பழக்கத்தில் என்னை யாரும் இப்படிச் சரியாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ரெண்டு தரம் வெட்டினனான்! மத்தியஸ்த சபையில் கறையான்மேல் பழிபோட்ட மனிதர், பொலிஸ் மேசைக்கு முன்னால் குந்தியிருந்து தன் வாயால் சொல்லிவிட்டார். முகம் சிறுத்துப்போனது. மேசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

சார்ஜன்ட் பேனையை உருட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். வேலி வெட்டின கதையையும் எழுதட்டுமா, ஐயா? எழுதினால் உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

தீர்ந்துவிடும். எத்தனை தவணை, எத்தனை கடிதம், எத்தனை படம்... எல்லாம் ஒரு வரியில் தீர்ந்துவிடும். பக்கத்தில் இருந்த மனிதரோ, எனக்காக இல்லை என்று சொல்லிக்கொண்டு, ஒழுங்கை முழுவதும் செய்யப் பயந்த வேலையை அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு வந்து செய்திருக்கிறார்.

“வேலியோ? எந்த வேலி, சேர்?” என்றேன்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். அருளம்பலத்தாரைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“இப்ப நம்புறன், ஐயா. நீங்கள் அந்த ஒழுங்கை ஆள்தான்.”

அறிக்கை போனது. லைசன்ஸ் வந்தது. துவக்கும் வந்தது. ஒரு காலை வேளையில், வானத்தைப் பார்த்து ஒன்று விட்டேன். என் தோள் இரண்டு நாள் நொந்தது. குரங்குகள் வரம்பைத் தாண்டி, பனங்கூடலைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. தூரத்தை அளந்தேனா என்று கேட்காதீர்கள்.

கச்சான் வீட்டுக்கு வந்தது. வசந்தி தமையனுக்குத் தானே போன் எடுத்து, காணி விற்பதாக இல்லை என்றாள். அவித்த கச்சான் ஒரு சட்டி நிறைய வேலிப் பொட்டுக்குள்ளால் போனது. வெறும் சட்டி ஒரு செய்தியோடு திரும்பி வந்தது: கச்சான் நல்லம், வேலி வேறை கதை.

மத்தியஸ்த சபையில் அடுத்த தவணை வரப்போகிறது. அருளம்பலத்தார் வந்து, கறையான்தான் என்று திரும்பவும் சொல்வார். சொல்லட்டும். அவரை விழுத்த என்னிடம் ஒரு தோட்டா இருக்கிறது, அது அவருக்கும் தெரியும்.

இருக்கிற தோட்டாவையெல்லாம் சுட்டே தீர வேண்டுமா என்ன?